வைகையைத் தாண்டியவர்

செருப்பைக் கழற்றிக் கூடையில் போடுங்கள் என்று படகுக்காரர் சொன்னதும், மற்றவர்கள் எல்லாம் கயிற்றை அவிழ்ப்பதும் ஒற்றைக் காலில் ஆடுவதுமாகத் தவித்துக்கொண்டிருக்க, கூடலிங்கம் மட்டும் ஒரே உதறில் கழற்றிவிட்டு, பார்த்தீங்களா இதுக்குத்தான் ரப்பர் செருப்பு என்கிற மாதிரி ஜம்மென்று ஏறி உட்கார்ந்தார். அத்தோடு அன்றைக்கு அவருக்கு இருந்த நிம்மதி தீர்ந்தது. படகுக்காரர் பெயர் ஸ்டமாட்டிஸ். கூடலிங்கத்தின் வயசுதான் இருக்கும், அறுபத்திரண்டு. ஆனால் முன்னங்கை இரண்டும் அம்மிக்குழவி. ஆறே பேரை வைத்துக்கொண்டு பாய்மரப் படகில் காலையில் கிளம்பி, இரண்டு தீவைச் சுற்றிக் காட்டி, நடுவில் குளிக்கவிட்டு, சோறு போட்டு, சாயங்காலம் கொண்டுவந்து விடுகிற ஏற்பாடு. ஜெர்மனியில் இருக்கிற மகள் சங்கவி லீவுக்கு அப்பா அம்மாவைக் கிரேக்க நாட்டுக்கு அழைத்து வந்தவள், கைக்குழந்தையோடு என்னால படகு ஏற முடியாது, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கப்பா என்று டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டாள். எல்லாரும் உட்கார்ந்ததும் ஸ்டமாட்டிஸ் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி இங்கிலீஷில் சொன்னார். பதினொன்றரைக்கு ஒரு குடாவில் நங்கூரம் போடுவேன். தண்ணீர் மூன்று ஆள் ஆழம். நீச்சல் தெரிந்தவர்கள் இங்கிருந்தே குதிக்கலாம். யாருக்கெல்லாம் தெரியும்? கூடலிங்கம் வானத்தைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழலி, மட்டுவார்குழலி, முப்பத்தொரு வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறவள், அவர் கையைப் பிடித்து வகுப்பில் வாத்தியாருக்குக் காட்டுகிற மாதிரி உயரத் தூக்கினாள். "மை ஹஸ்பண்ட்! பிக் ஸ்விம்மர்! பிக் ரிவர், ஃபுல் வெள்ளம், ஹீ கிராஸ்!" பிராவோ, பிராவோ என்று ஸ்டமாட்டிஸ் வந்து தோளில் ஓங்கித் தட்டினார். தூக்கிய கையை இறக்கிக் கூடலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது மணி பத்தேகால்.

பத்தேகாலிலிருந்து பதினொன்றரை. எழுபத்தஞ்சு நிமிஷம். எழுபத்தஞ்சு நிமிஷத்தில் ஒரு மனுஷன் நீச்சல் கற்றுக்கொள்ள முடியுமா? உட்கார்ந்த இடத்திலேயே கற்றுக்கொள்ள முடியுமா? கூடலிங்கத்துக்கு நீச்சல் தெரியாது. கொஞ்சம் தெரியும், மறந்து போச்சு, பழக்கம் விட்டுப்போச்சு என்கிற கதையெல்லாம் இல்லை; சுத்தமாகத் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீர் வந்தாலே கரையைப் பார்த்துத் திரும்பிவிடுகிற ஆள். பிறகு எப்படி வைகையைத் தாண்டினார் என்றால், அவர் எங்கே தாண்டினார், தாண்டினது சோணாசலம் மாமாவின் வாய். பெண் பார்க்கக் குளித்தலைக்குப் போயிருந்தார்கள். காவிரிக்கரைக் குடும்பம். கேசரியை வாயில் வைத்த நேரம் பெண்ணின் அப்பா கேட்டார், மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியுமில்ல, எங்க பக்கம் ஆடிப் பதினெட்டுக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் கல்யாண மாலையை ஆத்துல விடணும், அதுக்குக் கேட்டேன் என்று. கேசரி வாயில் இருந்ததால் கூடலிங்கத்தால் உடனே பேச முடியவில்லை. மாமாவின் வாயில் கேசரி இல்லை. "நீச்சலா? என்ன இப்படிக் கேட்டுப்புட்டீங்க! வைகையில கரைபுரண்டு வெள்ளம் போனப்ப, இந்தக் கரையில இறங்கி அந்தக் கரையில ஏறுனவன்ல இவன்!" கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஆ என்றார்கள். கதவுப் பக்கம் தலைகுனிந்து நின்ற பெண் நிமிர்ந்தாள். அந்த ஒரு பார்வை. அதுவரைக்கும் மின்வாரியத்து வயர்மேனை எந்தப் பெண்ணும் அப்படிப் பார்த்ததில்லை. கேசரி தொண்டையில் இறங்கியது, உண்மையும் கூடவே இறங்கிவிட்டது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும் கல்யாணத்தோடு காணாமல் போயின, இது ஒன்று மட்டும் தாலியோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்கிறார்களே, வைகைக்கரையில் போய்ச் சொல்லிப் பாருங்கள் அதை. வைகையில் தண்ணீர் வந்தால் அது செய்தி, வராவிட்டால் அதுதான் வைகை. பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற ஆற்றில் எவன் வந்து நீந்திக் காட்டு என்று கேட்பான்? மதுரையைவிடப் பாதுகாப்பான ஊர் இந்தப் பொய்க்கு உலகத்திலேயே கிடையாது. அந்த ஊரை விட்டுக் கிளம்பியதுதான் தப்பு.

படகு துறையை விட்டு வெளியே வந்ததும் ஸ்டமாட்டிஸ் கயிறுகளை இழுக்க, பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மேலே ஏறியது. பிறகு இன்ஜினை நிறுத்தினார். அப்பப்பா, அந்த அமைதி. கரண்ட் போனதும் மிக்ஸி, ஃபேன், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் ஒரே நேரத்தில் அடங்குமே, அந்த மாதிரி. தண்ணீர் பலகையை உரசுகிற சத்தம் மட்டும். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூடலிங்கம் கம்பியைப் பிடித்தார். நாற்பதடி கம்பத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஒரு கையால் பீடி பற்றவைத்த ஆள்தான். மழையில், காற்றில், மேலே ஏறி லைன் கட்டியிருக்கிறார். உயரம் நேர்மையானது, விழுந்தால் விழுந்தோம் என்று தெரியும். தண்ணீர் அப்படியா, கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்து மெதுவாகக் கதவைச் சாத்தும். பத்து வயதில், மாமாவின் கிணற்றில், முதுகில் காய்ந்த சுரைக்குடுவையைக் கட்டி, டேய் காலை அடிடா என்று ஒரு கை பின்னாலிருந்து தள்ளியது. குடுவை அவிழ்ந்துகொண்டது. பச்சை. எங்கே பார்த்தாலும் பச்சை, மேலே தட்டு மாதிரி ஒரு வெளிச்சம், காதுக்குள் குடத்தில் கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி டொம் டொம். பிறகு தலைமயிரைப் பிடித்து ஒரு கை மேலே இழுத்தது. தள்ளிய கையும் இழுத்த கையும் சோணாசலம் மாமாவுடையதுதான். இவனுக்கு நீச்சல் வராது என்று இந்தப் பூமியிலே எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அவர், அவரேதான் குளித்தலையில் போய் அப்படிச் சொன்னார். மாமா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் இப்போதே போன் போட்டு நாலு வார்த்தை கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வார், மாப்ள, பொண்ணு எப்படி, நல்ல பொண்ணா இல்லையா, அதைச் சொல்லு என்பார். நல்ல பொண்ணுதான் மாமா. அதுதானே சிக்கலே.

இத்தனை வருஷமும் காப்பாற்றியது காது. முதல் ஆடிக்கே, மாலையை விடப் போகும்போது, காதில் சீழ், தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று பஞ்சை அடைத்துக்கொண்டு படித்துறையிலேயே உட்கார்ந்துவிட்டார். மைத்துனன்மார் நடு ஆற்றுக்கு நீந்திப்போய்க் கை காட்டினார்கள். பிறகு ஒவ்வொரு ஆடிக்கும் பஞ்சு. மாமனார் பாவம், வெள்ளை மனசு, எங்கெங்கோ விசாரித்துச் சொட்டு மருந்து வாங்கி வைத்திருப்பார். கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அந்த மனுஷன் கண்ணைத் திறந்து கேட்டது, காது எப்படி இருக்கு மாப்ள என்பதுதான். கூடலிங்கம் வெளியே வந்து வராண்டாவில் நின்று அழுதார், எல்லாரும் மாமனார் மேல் என்ன பாசம் என்றார்கள். பாசமும்தான். ஆனால் அந்தக் காதுக்கும் போன வருஷம் ஆயுசு முடிந்துவிட்டது. டிவி சத்தமா வைக்கிறீங்க என்று குழலி காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த ஆள் விளக்கை விட்டுப் பார்த்துவிட்டு, சார், இது நாற்பது வயசுக்காரன் காது, சுத்தமா இருக்கு, கடல்லயே குதிக்கலாம் என்றான். கடல்லயே. வேறு உவமை கிடைக்கவில்லை அவனுக்கு. குழலியின் முகத்தைப் பார்த்தார் அன்றைக்கு, ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. சரி, கடைசி ஆயுதம் என்று இன்றைக்குக் காலையில் நீச்சல் டவுசரை ஓட்டலில் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு வந்தார். படகேறும் முன்பே குழலி பையிலிருந்து அதை எடுத்து ஆட்டினாள், மறந்துட்டீங்க பாருங்க, நல்லவேளை நான் பார்த்தேன் என்று. பொம்பளைக்குக் கட்டிலுக்கு அடியில் எல்லாம் கண். அதே பொம்பளை ஏழு மாசமாகக் காலையில் அஞ்சரைக்கு ரேஸ்கோர்ஸ் பக்கம் நடக்கப் போகிறேன் என்று போய், ஏழு மணிக்கு ஈரத் தலையோடு வருகிறாள். என்ன ஈரம் என்றால் வேர்வை என்கிறாள். இடுப்பளவு முடி, இவ்வளவு வேர்க்குமா? தலையில் ஆஸ்பத்திரி தரை மாதிரி ஒரு மருந்து வாசனை வேறு. முடி கொட்டுதுன்னு புதுத் தைலம் என்றாள். கேட்டுக்கொண்டார். யாருக்கு யார் கேள்வி கேட்பது, கேட்கிற யோக்கியதை இருக்கிறதா நமக்கு? இன்றைக்கும் பாருங்கள், துறையிலேயே ஸ்டமாட்டிஸைத் தனியே கூப்பிட்டுக் காதோடு காதாக என்னவோ கேட்டாள். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பாத்ரூம் இருக்கிறதா என்று கேட்டிருப்பாள்.

சொல்லிவிடலாம். இப்போதே. குழலி, ஒரு விஷயம், என்று ஆரம்பித்துவிட்டால் மிச்சம் தானாக வந்துவிடும். யாருக்கும் தமிழ் தெரியாது, சத்தமாகவே சொல்லலாம். "குழலி." "என்னங்க?" "இல்ல, ஒரு விஷயம்..." ஸ்டமாட்டிஸ் தர்ப்பூசணித் தட்டை நடுவில் நீட்டினார். கூடவே ஒரு வெள்ளைப் பாலாடைக் கட்டி, உப்பு உப்பாக. தர்ப்பூசணியையும் அதையும் சேர்த்துத் தின்ன வேண்டுமாம். இது என்ன கூத்து என்று வாயில் போட்டால், அட, மாங்காய்க்கு உப்பு தொட்ட மாதிரி, நன்றாகத்தான் இருந்தது. மூன்று துண்டு தின்றார். பயத்திலும் பசிக்கிறது பார், வெட்கங்கெட்ட வயிறு. அதற்குள் எதிர்ப் பெஞ்சில் இருந்த இங்கிலாந்துக் கிழவி மார்கரெட் வாயைத் திறந்துவிட்டாள், எழுபத்து நாலு வயசாம், எலும்பும் சுருக்கமுமாக நீச்சல் உடையில் சிங்கம் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்த ஆறு எவ்வளவு அகலம்? குழலி இரண்டு கையையும் விரித்தாள், போதவில்லை, எழுந்து நின்று விரித்தாள். பிறகு ஆட்டுக்குட்டி வந்தது. ஆட்டுக்குட்டி மாமா சொன்ன பொய்யில் கிடையாது. சங்கவி குழந்தையாக இருக்கும்போது சோறு ஊட்டுவதற்காகக் குழலி சேர்த்தது: வெள்ளத்தில் ஒரு ஆட்டுக்குட்டி அடித்துக்கொண்டு வர, அப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். இரண்டாம் வகுப்பில் சங்கவி அதைக் கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கினாள். சாதாரண மாமா பொய்யாக வந்ததை, இவள் ஊட்டி வளர்த்து ஆளாக்கிவிட்டாள். கூடலிங்கம் ஒரு தடவைகூட நான் தாண்டினேன் என்று தன் வாயால் சொன்னதில்லை, இது சத்தியம். இல்லை என்றும் சொன்னதில்லை, இதுவும் சத்தியம். "மே, மே!" என்று குழலி குட்டி மாதிரிக் கத்திக் காட்ட, படகே சிரித்தது. மார்கரெட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

காற்று நன்றாகப் பிடித்துக்கொண்டது. தூரத்தில் ஒரு தீவு, வெறும் பாறையும் புதரும், உச்சியில் சுண்ணாம்பு அடித்த ஒரு சின்னக் கோயில், பக்கத்தில் நாலு வெள்ளாடு. இங்கேயும் ஆடா என்று இருந்தது அவருக்கு. தண்ணீரின் நீலத்தைப் பார்த்தால், என்ன சொல்வது, பார்த்துக்கொண்டே இருக்கலாம். பயமும் சந்தோஷமும் ஒரே வயிற்றில் எப்படி இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன என்று அவருக்கே ஆச்சரியம். குழலி முந்தானைக்குப் பதில் துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டு, காற்றைப் பார்த்து வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தாள், சின்னப் பிள்ளை மாதிரி. எந்த ஊருக்கும் போகாதவள். மாமியாரைப் பார்த்து, பிள்ளையைப் பார்த்து, இவர் லைனில் ஏறின நாளெல்லாம் வாசலைப் பார்த்து. சண்டை வந்தால் மற்ற வீட்டுப் பொம்பளைகள் உனக்கு என்ன தெரியும் என்று புருஷனைக் கேட்பார்கள். இவள் கேட்க மாட்டாள். வெள்ளத்தைத் தாண்டுனவருக்கு இது ஒரு விஷயமா என்பாள். ப்ரமோஷன் கிடைக்காத வருஷம், சங்கவிக்கு டைபாய்டு வந்த வருஷம், வீட்டுக் கடன் எட்டிப்பார்த்த வருஷம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வாக்கியம். அதைக் கேட்டுக் கேட்டு அவரும் எழுந்து போய் அததைச் செய்திருக்கிறார். பதினொன்றரைக்கு மேல் அந்த வாக்கியம் இருக்காது. அதுதான் கூடலிங்கத்துக்குத் தாங்கவில்லை. மூழ்குவதுகூடப் பெரிசில்லை, இத்தனை பேர் இருக்கிறார்கள், எவனாவது தலைமயிரைப் பிடித்துத் தூக்குவான், கொஞ்சம்தான் முடி இருக்கிறது என்றாலும். அவள் கண்ணில் அந்தக் கேசரி நாள் பார்வை அணைந்து போவதைப் பார்க்க வேண்டுமே. அணைந்தால் மறுபடி போட அதற்கு எந்தக் கம்பத்தில் ஏறுவது? சரி, தலைக்கு மேலே வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன. நங்கூரம் போட்டதும் சொல்லிவிடுவது. பிள்ளையார் மேல் ஆணையாக.

நங்கூரச் சங்கிலி கடகடவென்று இறங்கியது. குடா கண்ணாடி மாதிரிக் கிடந்தது. கீழே மணல், கல், அதன்மேல் படகின் நிழல், எல்லாம் கையை விட்டு எடுக்கலாம் போல. ஏமாறாதேடா, மூன்று ஆள் ஆழம். மார்கரெட் எழுந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, தொபுக்கென்று குதித்தாள். எழுபத்து நாலு! கூட வந்திருந்த மூன்று ஜெர்மன்காரர்களும் குதித்தார்கள். குழலி டவுசரை அவர் மடியில் போட்டுவிட்டு, இருங்க வந்துர்றேன் என்று கீழே அறைக்குப் போனாள். நல்லது. வரட்டும். வந்ததும் சொல்லுவோம். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, அன்னைக்கு உங்க வீட்டுக் கேசரி ரொம்ப நல்லா இருந்துச்சு குழலி, அதனாலதான், என்று ஆரம்பிக்கலாமா? சிரித்தால் பாதி பாரம் குறையும். டவுசரை மடித்தார், பிரித்தார், மடித்தார். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். கழுத்திலிருந்து முழங்கால் வரை கறுப்பாக ஏதோ போட்டுக்கொண்டு, இடுப்பளவு முடியை ரப்பர் குல்லாயில் திணித்துக்கொண்டு, யாரோ ஒரு பொம்பளை வந்தாள். யாரோ இல்லை. "குழலி, ஒரு விஷயம்" என்றார். அவள் நிற்கவில்லை. நெஞ்சில் தாலியைத் தொட்டு உள்ளே தள்ளிக்கொண்டாள், "வாங்க, நான் முன்னாடி போறேன்" என்றாள், போனாள். படகின் விளிம்பிலிருந்து, நேராக, தண்ணீருக்குள்.

மூடிக்கொண்டது தண்ணீர். ஒரு வளையம், இரண்டு வளையம். பச்சை, குடுவை, டொம் டொம். அவளுக்கு நீச்சல் தெரியாது, காவிரிக்கரையில் பிறந்தும் வயசுக்கு வந்த பிள்ளை ஆத்துல இறங்கக் கூடாதுன்னு பன்னிரண்டு வயசிலேயே நிறுத்திவிட்டார்கள், கழுத்தளவுத் தண்ணீரில்கூட நின்றதில்லை, என்னை நம்பிக் குதித்திருக்கிறாள், நான் பிடிப்பேன் என்று குதித்திருக்கிறாள், பாவி, படுபாவி நான். கூடலிங்கம் விளிம்புக்கு ஓடினார், ஒரு காலை வெளியே போட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "ஐயோ, என் பொண்டாட்டி! யாராவது குதிங்கய்யா! எனக்கு நீச்சல் தெரியாதுய்யா! நான் எந்த ஆத்தையும் தாண்டலைய்யா! மாமா சொன்ன பொய்யிய்யா அது! குழலீ!" அந்தக் குடாவின் பாறை முழுக்க எதிரொலித்தது. ஜெர்மன்காரர்களுக்குப் புரியவில்லை. மார்கரெட்டுக்குப் புரியவில்லை. ஸ்டமாட்டிஸ் பாலாடைக் கட்டி வெட்டிக்கொண்டிருந்த கத்தியோடு நிமிர்ந்தார். அங்கே அந்தத் தமிழ் புரிகிற ஒரே ஒரு தலை, சரியாக அந்த நேரம், படகுக்கு எட்டடி தள்ளி, கறுப்புக் குல்லாயோடு மேலே வந்திருந்தது.

கையையும் காலையும் நிதானமாக அசைத்துக்கொண்டு, தாடைவரைக்கும் தண்ணீரில், குழலி மிதந்தாள். மிதந்தபடியே அவரைப் பார்த்தாள். "என்ன சொன்னீங்க?" கூடலிங்கம் வெளியே போட்ட காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "நீ... நீ எப்படி?" "ஏழு மாசம்" என்றாள். "ரேஸ்கோர்ஸ் நீச்சல்குளம், பொம்பளைங்க பேட்ச். உங்க காது சரியாப் போச்சுன்னு டாக்டர் சொன்னாருல்ல, இனி இவரு தண்ணியில இறங்குவாரு, அப்ப நான் கரையில உக்காந்து துண்டு பிடிக்கிற ஆளா இருக்கக் கூடாது, ஒரு தடவையாவது கூட நீந்தணும்னு... மருந்துத் தண்ணிய வண்டி வண்டியாக் குடிச்சேன்யா!" யா என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவை. முகத்தில் கோபம் ஏறியது, உதடு துடித்தது, போச்சு, அணைந்தது என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். கேட்டது வேறு சத்தம். தண்ணீரை வாயில் வாங்கிப் புரையேறி, இருமி, மறுபடி வாங்கி, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "முப்பத்தொரு வருஷம்! பஞ்சு! ஐயோ, எங்கப்பா வாங்கின சொட்டு மருந்து! ஆட்டுக்குட்டி!" "ஆட்டுக்குட்டி நீ சேர்த்தது" என்றார் அவர், இந்த நிலைமையிலும் நியாயம் நியாயம்தானே. அவள் சிரிப்பை நிறுத்தி ஒரு கையால் முகத்தைத் துடைத்தாள். "உங்களுக்கு நீச்சல் தெரியாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, நான் கத்துக்கிட்டே இருக்க மாட்டேங்க" என்றாள். அவருக்குக் கண் நிறைந்துகொண்டு வந்தது, கடல் காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஸ்டமாட்டிஸ் வந்து, என்ன, என்ன சத்தம், ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். மார்கரெட்டும் நீந்தி வந்து, பெரிய நீச்சல்காரர் ஏன் இன்னும் குதிக்கவில்லை என்றாள். கூடலிங்கம் வாயைத் திறந்தார். சொல்லிவிடுவோம், ஒருத்திக்குச் சொன்னால் என்ன, ஊருக்கே சொன்னால் என்ன. குழலி முந்திக்கொண்டாள். "நோ ப்ராப்ளம்!" என்றாள் கணீரென்று. "மை ஹஸ்பண்ட் பிக் ஸ்விம்மர். டுடே, இயர் ப்ராப்ளம்." காதைத் தொட்டுக் காட்டினாள். ஓ, பாவம் என்றார்கள் எல்லாரும். ஸ்டமாட்டிஸ் ஓடிப்போய் ஒரு மிதவைச் சட்டையும், பஞ்சு போல அழுத்தினால் அமுங்குகிற நீளமான மஞ்சள் மிதவை ஒன்றும், காதுக்கு வைத்துக்கொள்ளக் கொஞ்சம் பஞ்சும் கொண்டுவந்தார். கூடலிங்கம் டவுசரை மாட்டினார், சட்டையை மாட்டினார், பஞ்சையும் மரியாதையாக இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு ஏணியில் திரும்பி நின்று இறங்கினார். ஒரு படி. இரண்டு படி. ஜில்லென்று முழங்கால், இடுப்பு, ஐயோ சாமி, நெஞ்சு. இடுப்பை ஒரு கை பிடித்துக்கொண்டது. உப்புத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தது. அட. அட, மிதக்கிறதே. "மஞ்சளை விடாதீங்க. மூச்சை விடுங்க. இப்பக் காலை அடிங்க" என்றாள் குழலி, காதுக்குப் பக்கத்தில். அவர் அடித்தார். இரண்டு பேரும் ஒரு முழம் நகர்ந்தார்கள், இல்லை, ஒன்றரை முழமே இருக்கும். "பயப்படாதீங்க, இதை வைகைன்னு நினைச்சுக்கிட்டு அடிங்க." பல் தந்தியடிக்க, மஞ்சள் மிதவையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கூடலிங்கம் முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக வைகையைப் பற்றி உண்மையைப் பேசினார்.

"வைகையில ஏது குழலி தண்ணி?"